நிற்கும்போதும் தேயும் என்ஜின்

கார் என்ஜினின் வயதைக் கிலோமீட்டரில் சொல்வது வழக்கம். பழைய கார் வாங்க வருபவர் முதலில் எட்டிப் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். டிராக்டரிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டரிலும் கணக்கு வேறு. அவற்றில் மணி நேரம் காட்டும் மீட்டர் இருக்கும், ஆயில் மாற்றுவதும் அந்த மீட்டரைப் பார்த்துத்தான். 1987-ல் தொடங்கிய ஆவடி என்ஜின் தொழிற்சாலையில் உருவாகும் டாங்கு என்ஜின்களின் ஆயுளையும் மணிக்கணக்கில்தான் அளக்கிறார்கள். பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் அன்றாடம் ஓடும் கார்களுக்கும் இந்த மணிக்கணக்கே அதிகம் பொருந்தும்.

பூந்தமல்லியிலிருந்து கரையான்சாவடி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் வழியாகப் போரூர் செல்லும் சாலையை எடுத்துக்கொள்ளலாம். கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான 26.1 கி.மீ. மெட்ரோ தடத்துக்காக இந்தச் சாலையின் நடுவே ஆண்டுக்கணக்கில் தடுப்புகள் நின்றன. கம்பெனி பஸ்களும் தண்ணீர் லாரிகளும் ஷேர் ஆட்டோக்களும் ஒன்றாக முட்டும் காலை நேரத்தில், மணிக்குச் சராசரி 15 கி.மீ. போனாலே பெரிது. அந்த வேகத்தில் 10,000 கி.மீ. ஓட என்ஜின் ஏறத்தாழ 667 மணி நேரம் சுழல வேண்டும். அதே தூரத்தைப் பெங்களூரு நெடுஞ்சாலையில் 70 கி.மீ. வேகத்தில் கடந்தால் 143 மணி நேரம் போதும். இரண்டு கார்களின் ஓடோமீட்டரும் ஒரே எண்ணைத்தான் காட்டும். என்ஜின் சுழன்ற நேரமோ நாலரை மடங்குக்கு மேல் வேறுபடும். அமெரிக்காவில் போலீஸ் ரோந்துக்கென விற்கும் கார்களுக்கு ஃபோர்டு நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வண்டி நின்றபடி ஒரு மணி நேரம் ஐடிலிங்கில் ஓடினால் அதை 33 மைல், அதாவது சுமார் 53 கி.மீ. ஓட்டமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கணக்கு.

நீண்ட ஆயுளுக்கு உலகமே காட்டும் உதாரணமும் இதையே உறுதிப்படுத்துகிறது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வாழ்ந்த பள்ளி ஆசிரியர் இர்வ் கோர்டன் 1966-ல் வாங்கிய வோல்வோ பி1800எஸ் கார், 2013 செப்டம்பரில் 30 லட்சம் மைலைத் தாண்டியது. கிலோமீட்டரில் அது 48 லட்சம். வோல்வோவின் தரமும் அவர் தவறாமல் ஆயில் மாற்றியதும் இதற்குக் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் காரின் பெரும்பகுதி ஓட்டம் நெடுஞ்சாலை ஓட்டம் என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சூடேறிய என்ஜின், சீரான வேகம், மேல் கியர், முகத்தில் அடிக்கும் குளிர்ந்த காற்று என ஒரு என்ஜினுக்கு இதைவிட வசதியான வாழ்க்கை கிடையாது.

என்ஜினுக்குள் உலோகமும் உலோகமும் நேராக உரசாதபடி இடையில் நிற்பது ஆயில் படலம். கிராங்க் ஷாஃப்ட் அதன் பேரிங்குகளில் மிதந்தபடி சுழல்கிறது. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் அதே படலத்தின் மேல் வழுக்கி ஏறி இறங்குகின்றன. என்ஜின் நின்றதும் ஆயில் கீழேயுள்ள சம்ப்புக்கு வடிந்துவிடும். மறுநாள் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில், பம்ப் ஆயிலை மேலே ஏற்றும் வரை, பாகங்கள் முந்தைய நாள் ஒட்டியிருந்த மிச்ச ஆயிலை நம்பித்தான் சுழல்கின்றன. தேய்மானம் அதிகம் நடக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறும விடுவது என்ஜினுக்குச் செய்யும் பெரிய தீங்கு. அம்பாசடர் காலத்தில் சோக்கை இழுத்து, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால்தான் வண்டி நிற்காமல் ஓடும். கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்தக் கால் பழக்கம் மட்டும் போகவில்லை.

காலையில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்துச் சூடேற்றுவதும் அப்படி வந்த பழக்கம்தான். மார்கழியிலும் சென்னைப் புறநகரில் விடியற்காலை வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இந்த வெப்பத்தில் இன்றைய ஆயில் நொடிகளில் மேலே ஏறிவிடுகிறது. அரை நிமிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்து, முதல் சில கிலோமீட்டர் மென்மையாக ஓட்டினால் போதும். ஐடிலிங்கைவிட ஓட்டத்தில்தான் என்ஜின் சீக்கிரம் சூடேறும்.

சூடேறாமலே அணைத்துவிடுவதில் இன்னொரு கேடு இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். சிறு பகுதி ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் சேரும். கூடவே எரியாத பெட்ரோலும் சேரும். என்ஜின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடினால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்று மட்டுமே ஓடும் காரில் அதற்கு வாய்ப்பே இல்லை. ஆயில் மெல்ல நீர்த்து, அமிலமேறி, கசடு கட்டும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணெய் போல் மஞ்சள் குழம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். வாரத்துக்கு ஒருமுறையாவது திருவள்ளூர் வரையோ ஸ்ரீபெரும்புதூர் வரையோ அந்தக் காரை ஓட்டி வருவது மிகைச் செலவாகாது.

ஆயில் மாற்றும் இடைவெளியில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். இன்று பல பெட்ரோல் கார்களின் கையேட்டில் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்தியோ அது, என்று இருக்கிறது. அதே கையேட்டில் சில பக்கங்கள் தள்ளி ‘கடுமையான பயன்பாடு’ என்று தனி அட்டவணை ஒன்றும் இருக்கும். அடிக்கடி குறுந்தூரம் போவது, நின்று நின்று நகர்வது, தூசி நிறைந்த சாலை, அதிக வெயில் ஆகியவற்றை அது பட்டியலிடும். அப்படி ஓடும் கார்களுக்கு இடைவெளியைப் பாதி அளவுக்குக் குறைக்கச் சொல்லும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் தினமும் ஓடும் காருக்கு அந்தப் பட்டியலில் பொருந்தாத வரி ஒன்றுகூட இல்லை. ஆகவே 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம் என்பது இங்கே கூடுதல் ஜாக்கிரதை ஆகாது, கையேட்டின்படி நடப்பதே ஆகும். ஆயிலோடு ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரில் தங்கும் அழுக்கு ஆயில் புது ஆயிலை முதல் நாளே கெடுத்துவிடும்.

எந்த ஆயில் என்பது அடுத்த கேள்வி. டப்பாவில் 5டபிள்யூ-30 என்றிருந்தால், முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரி வெப்பத்தில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் குறிக்கின்றன. ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்’ என்று சொல்லி 20டபிள்யூ-40 ஊற்றும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். தேய்ந்துபோன பழைய என்ஜினில், ஆயில் குடிப்பதைக் கொஞ்ச காலம் மறைக்க அது உதவலாம். புது என்ஜின்களில் பேரிங் இடைவெளிகள் மிக நுணுக்கமானவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கருவியும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்திலேயே இயங்குகின்றன. 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினில் கெட்டி ஆயிலை ஊற்றினால் தேய்மானம் அதிகமாகும் காலையின் முதல் விநாடிகளிலேயே அது தாமதமாக ஏறும்.

இரண்டு சர்வீஸ்களுக்கு இடையே டிப்ஸ்டிக்கை ஒருமுறைகூட உருவிப் பார்க்காத உரிமையாளர்கள் ஏராளம். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, மாதம் இருமுறை அளவைப் பார்க்க ஒரு துணித்துண்டு போதும். சிவப்பு ஆயில் விளக்கு எரியும் வரை காத்திருப்பது தவறு. அது அளவைக் காட்டும் விளக்கு அல்ல. அழுத்தம் விழுந்த பிறகே எரியும், அதற்குள் பேரிங்குகள் அடி வாங்கத் தொடங்கியிருக்கும். விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் பார்க்காமல் அங்கேயே அணைத்துவிட வேண்டும்.

ஆயிலுக்கு அடுத்தபடி இந்த ஊரில் என்ஜின்களைக் கொல்வது வெப்பம். எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்துக்குப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைப் புகையும் கூலன்ட்டும் பகிர்ந்துகொண்டு வெளியேற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் ரேடியேட்டருக்கு ஓட்டக் காற்று கிடைக்கும். பாரிவாக்கம் சந்திப்பில் மே மாதத்து மதியம் நிற்கும்போது, முன்னால் ஏசி கண்டன்சர் கக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு, மின்விசிறி ஒன்றை மட்டுமே நம்பி ரேடியேட்டர் வேலை செய்கிறது. சென்னையில் 2003 மே மாதம் 45 டிகிரி வரை வெப்பம் ஏறியது. அத்தகைய நாளில் என்ஜின் குறைந்த சுற்றில் ஓடும்போது ஆயில் பம்ப்பும் மெதுவாகவே சுழலும், சூட்டில் ஆயிலும் இளகியிருக்கும். தேய்மானத்துக்கு இதைவிட ஏற்ற சூழல் வேண்டியதில்லை.

இவ்வளவு வேலை செய்யும் ரேடியேட்டரில் பலர் ஊற்றுவது போர் தண்ணீர். அம்பாசடரின் பழைய பெட்ரோல் என்ஜினில் சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. டிரைவர்கள் டிக்கியில் தண்ணீர் கேன் வைத்துக்கொண்டு, கொதித்தால் ஊற்றிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இன்றைய என்ஜின் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் வளைந்து கேஸ்கெட் கிழிந்துவிடலாம். புறநகரின் உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்புபோல் படிந்து குழாய்களை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். எத்திலீன் கிளைக்காலும் தாதுநீக்கிய நீரும் சரிபாதி கலந்த கூலன்ட் அரிப்பைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது. ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேர்ந்தால் 120 டிகிரிக்கு மேலும் அது கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் அழுத்தம் போய்விடும். சில நூறு ரூபாய்ப் பொருள் அது. அதை மாற்றாமல் விட்டதற்கு ஹெட் வேலைக்குப் பல ஆயிரம் கொடுத்தவர்கள் உண்டு.

பல புது கார்களில் வெப்பத்தைக் காட்டும் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூலன்ட் ‘கொஞ்சம்’ குறைகிறது, ஊற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்று விடுவதும் சரியில்லை. மூடிய அமைப்பில் கூலன்ட் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

தூசியைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் நகரும் கார் உறிஞ்சுவது அந்த மணல் தூசி கலந்த காற்றைத்தான். அதில் உள்ள குவார்ட்ஸ் துகள் என்ஜினின் உலோகங்களைவிடக் கடினமானது. ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் உப்புத்தாள் போல் தேய்க்கும். ஃபில்டரைக் கழற்றிக் கம்ப்ரஸர் காற்றை அழுத்தமாக அடித்துச் சுத்தம் செய்வது பரவலான பழக்கம். காகித ஃபில்டரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் அதனால்தான் விழுகின்றன. லேசாகத் தட்டலாம், இல்லையென்றால் மாற்றிவிடலாம். கட்டுமான வேலைகள் நடக்கும் பகுதியில் ஓடும் காரில் கையேடு சொல்வதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

ஓட்டும் முறையில் மைலேஜுக்காகச் செய்யப்படும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. 25 கி.மீ. வேகத்திலேயே நான்காவது கியருக்குப் போய், மேம்பாலம் ஏறும்போதும் அதிலேயே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது அது. வண்டி திணறும், நடுங்கும், சில சமயம் ‘டக் டக்’ என்று நாக்கிங் கேட்கும். குறைந்த சுற்றில் அதிக சுமை விழும்போது பேரிங்கின் ஆயில் படலம் மெலிகிறது. டர்போ பொருத்திய சிறிய பெட்ரோல் என்ஜின்களில் எரிபொருள் நேரம் தவறி முன்பே பற்றி, பிஸ்டனையே உடைத்த நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. ஒரு கியர் இறக்கினால் தீரும் விஷயம் இது. மறுபுறம், எப்போதாவது என்ஜினை 3,500, 4,000 சுற்று வரை கொண்டுபோவதில் தவறில்லை. சூடேறிய பிறகு செய்தால் கரி படிவது குறையும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைக் குளிர்விப்பது ஆயில். காஞ்சிபுரத்திலிருந்து வேகமாக வந்து, வழியில் டீக்கடை ஓரம் சட்டென நிறுத்தி அணைத்தால், ஆயில் ஓட்டம் நின்று டர்போவின் சூட்டில் மிச்ச ஆயில் கருகும். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைக்க வேண்டும். ஊருக்குள் மெதுவாக ஓட்டி வந்திருந்தால் இது தேவையில்லை.

டீசல் காருக்கு 2020 ஏப்ரல் 1 முதல் புதுக் கவலை ஒன்று சேர்ந்தது. பிஎஸ்-6 விதிகளோடு பரவலான கரித்துகள் ஃபில்டரில் புகைக்கரி சேரும். கார் பதினைந்து, இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். அம்பத்தூர் தொழிற்பேட்டை நெரிசலிலேயே காலம் கழிக்கும் டீசல் காரில் எரிப்பு பாதியில் நிற்கும். அதற்காக ஊற்றப்பட்ட கூடுதல் டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். ஆயில் குறைவதைப் போலவே ஏறுவதும் நோய்தான். நசரத்பேட்டையில் ஏறிக்கொள்ளக்கூடிய வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை சுமார் 62 கி.மீ. நீளம். இந்த ஃபில்டருக்கு மருந்தாக அமையும் சாலை அது. தினசரி ஓட்டம் பத்து கிலோமீட்டருக்குள் என்றால் டீசல் கார் வாங்காமல் இருப்பதே சிக்கனம்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கை, இதற்கென வடிவமைக்கப்படாத நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று கணித்தது. என்ஜின் ஆயுளைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது பழைய கார்களின் ரப்பர் குழாய்களையும் சீல்களையும்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரின் டேங்கில் பாதிப் பெட்ரோலை விட்டு வைப்பது நல்லதில்லை. சிஎன்ஜிக்கு மாற்றிய டாக்ஸிகளில் வேறு சிக்கல் வரும். வாயு உலர்ந்தது என்பதால் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும், வால்வு இடைவெளியைக் காலாகாலத்தில் சரிபார்க்க வேண்டும்.

இத்தனை ஆண்டு பராமரிப்பையும் ஒரே நிமிடத்தில் வீணாக்கக்கூடியது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையும் புறநகரும் இதைப் பார்த்தன. காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்து சிலிண்டரை அடைந்தால், மேலே வரும் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. தண்ணீர் காற்றைப்போல் சுருங்காது. கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நீரில் நின்றுபோன காரில் ‘ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார்க்கலாம்’ என்பதுதான் பெரும்பாலான என்ஜின்களை முடித்த செயல். பேட்டரி இணைப்பைக் கழற்றி, ரெக்கவரி வேனில் ஏற்றி, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்து நீரை வெளியேற்றிய பிறகே சுழற்ற வேண்டும். வழக்கமான காப்பீட்டில், ஸ்டார்ட் செய்ததால் வந்த இந்தச் சேதத்தைத் தொடர்விளைவுச் சேதம் என்று கூறி நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியவர்களைச் சிலர் கேலி செய்தார்கள். என்ஜின் கணக்கில் பார்த்தால் அவர்கள் செய்தது சரி.

தேய்ந்த என்ஜின் தன் நிலையைப் புகையில் சொல்லும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும், அது பெரும்பாலும் சென்சார், இன்ஜெக்டர் கோளாறு, தேய்மானம் அல்ல. பிக்கப் குறைந்து ஆயிலும் குறைந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து, எந்தச் சிலிண்டரில் அழுத்தம் போகிறது என்று பார்ப்பது முதல் வேலை. அதைச் செய்யாமலே ‘என்ஜின் இறக்கணும்’ என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாமல் இருப்பது நல்லது. வால்வு சீல் மட்டும் போயிருந்தால் ஹெட்டைக் கழற்றினாலே போதும், கீழ்ப்பகுதியைத் தொட வேண்டியதில்லை.

ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் போர் போட்டு, கால் அல்லது அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்தலாம். வார்ப்பிரும்பு பிளாக்குகளுக்கு இது கைவந்த வேலை. மெல்லிய லைனர் கொண்ட சில அலுமினிய பிளாக்குகளில் போர் போட இடமே இருக்காது. அவற்றுக்கு ‘ஹாஃப் என்ஜின்’ எனப்படும் பிளாக், கிராங்க், பிஸ்டன் தொகுதியை மொத்தமாக மாற்றுவதே வழி. பதினைந்து ஆண்டு முடிந்து, பூந்தமல்லி ஆர்டிஓவில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நிலையில் உள்ள காருக்கு அந்தச் செலவு தகுமா என்பதைப் பாடியின் துரு, சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய முடியும். வேலை முடிந்த என்ஜினில் முதல் ஆயிலை 1,000 கி.மீ. அளவிலேயே மாற்ற வேண்டும், புது ரிங்குகள் சிலிண்டரில் பொருந்தும்போது உதிரும் உலோகத்தூள் அந்த ஆயிலில்தான் இருக்கும். அதுவரை ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டாமல், வேகத்தை ஏற்றி இறக்கி, அதிக சுமை ஏற்றாமல் ஓட்டினால் ரிங்குகள் சரியாக அமரும்.